அறுபது டிகிரிக் கோடு

பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்த கையோடு திருவொற்றியூரில் ஒரு ரப்பர் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம். அங்கே நான் ஒருத்திதான் பெண். ராயபுரத்தில் பஸ் பிடித்து, எட்டு மணிச் சங்குக்குள் உள்ளே போய்விடுவேன்.

மூன்றாம் மாதம், ரயில் பாலத்துக்கான ரப்பர் மெத்தை ஒன்று சோதனைக்கு வந்தது. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் வைப்பது. பாரம் ஏற்றினால் ரப்பர் உடனே கொஞ்சம் அமுங்கும். பிறகு மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வருஷத்தில் எவ்வளவு அமுங்கும் என்று வாங்குகிறவர்கள் கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல எங்களுக்கு இருந்தது இரண்டே வாரம்.

அதற்கும் ஒரு வழி இருந்தது. சூட்டில் ரப்பர் வேகமாக அமுங்கும். முப்பது, நாற்பத்தைந்து, அறுபது, எழுபத்தைந்து டிகிரி என்று நான்கு சூட்டில், ஓவன்களுக்குள் ரப்பர்த் துண்டுகளைப் பாரத்தோடு வைத்து எட்டெட்டு மணி நேரம் அளந்து, ஒவ்வொன்றையும் லாக் ஷீட் என்கிற மடக்கை வரைதாளில் கோடாகப் போட வேண்டும். பிறகு அவற்றை ட்ரேசிங் தாளில் எடுத்து, சூடு கூடக் கூட வலது பக்கம் நகர்த்தினால், ஒன்றின் வால்மேல் அடுத்ததன் தலை உட்காரும். நான்கும் சேர்ந்த நீளக் கோடு ஒரு வருஷத்தைத் தாண்டிப் போகும்.

என் அறுபது டிகிரிக் கோடு மட்டும் உட்காரவில்லை. ஒழுங்காக ஏறிவந்து, பாதியில் தட்டையாகப் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் தாளை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் விரலெல்லாம் பென்சில் கரி.

"அந்த ஒண்ணை விட்டுடும்மா. மத்த மூணையும் சேர்த்துப் போடு," என்றார் எங்கள் மேலதிகாரி.

"நடுவுல இடைவெளி விழுது சார். நாற்பத்தஞ்சு முடியற இடத்துல எழுபத்தஞ்சு ஆரம்பிக்கல."

"கையால இழுத்துச் சேர்த்துடு."

என் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். பாலத்தில் வண்டி ஏறும்போது பழுது தேடி அவர் காதுகொடுத்துக் கேட்கும் சத்தமெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கோட்டை என்னால் பொய்யாக இழுக்க முடியவில்லை.

அன்று மாலை அளவுக் குறிப்புகளை மறுபடி புரட்டினேன். கோடு படுக்கத் தொடங்கிய நேரம் சரியாகப் பகல் பன்னிரண்டு. ஓவன்களைப் பார்த்துக்கொண்டவர் வியாசர்பாடிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடம் போனேன்.

"அண்ணே, பன்னெண்டு மணிக்கு அறுபது டிகிரி ஓவனைத் தெறந்தீங்களா?"

"ஆமாம்மா. வவுத்துல புண்ணு கீது, சூடா துன்னுன்னு டாக்டர் சொன்னாரு. சோத்து டப்பாவ அதுல வெச்சி எடுத்துகினு இருந்தேன்."

"ஏன் அந்த ஓவன் மட்டும்?"

"நாப்பத்தஞ்சுல சோறு சூடாவ மாட்டுது. எயுவத்தஞ்சுல கொயம்பு சுண்டிப் பூடுது. இதான் கரீட்டு."

ஆறின சோறு உள்ளே போனதும் ஓவனின் சூடு இறங்கி, ரப்பர் அமுங்குவது மட்டுப்பட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "எயுதுவியாம்மா?"

"காரணத்தை எழுதித்தான் ஆகணும் அண்ணே."

"செரி, எயுது. அதுக்கு முன்னால நானே போயி சொல்லிடறேன்."

மேலதிகாரி கத்திய கத்தல் வாசல்வரை கேட்டது. பிறகு என் குறிப்பைப் படித்தார். "புதுத் துண்டு எடுத்து மறுபடி போடுங்க," என்றார். தன் அறையில் டீ போட வைத்திருந்த ஹீட்டரையும், சோறு சூடாக்கிக்கொள்ளச் சொல்லி அந்த அண்ணனிடம் கொடுத்தனுப்பினார்.

சனிக்கிழமை முழுக்க அந்த அண்ணன் ஓவன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாரையும் கதவருகே விடவில்லை. மாலையில் கோட்டைப் போட்டு, தாளை மெதுவாக நகர்த்தினேன். முன்னதன் வாலோடு ஒட்டியது. எழுபத்தைந்தின் தலையும் இதன் வாலில் வந்து படிந்தது.

"குந்திகிச்சா?" என்றார் தோளுக்குப் பின்னாலிருந்து.

"உட்கார்ந்துடுச்சு அண்ணே!"

இன்னும் வராத ஒரு வருஷத்தின் ஓரத்தை என் கையால் தொட்டுவிட்டதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை வந்த பாலத்து எஞ்சினியர், அறுபது டிகிரியை ஏன் இரண்டு முறை செய்தீர்கள் என்று கேட்டார். மேலதிகாரி என்னைப் பார்த்தார். சோற்று டப்பாவையும் சேர்த்துச் சொன்னேன். எஞ்சினியர் சத்தமாகச் சிரித்துவிட்டு, "இதை மறைக்காததாலதான் மத்த மூணையும் நம்பறேன்," என்றார்.

அறிக்கையின் அடியில், மேலதிகாரியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னையும் போடச் சொன்னார்கள். அடுத்த மாதம் இன்னும் இரண்டு மெத்தைகள் வந்தன. என் மேஜையை வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.