இருபத்துமூன்றாவது சோடி

போன ஞாயிறு பேத்தியின் பிறந்தநாள். எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டு வாசலில் நாற்பத்தொரு சோடி சப்பாத்து கிடந்தது. உள்ளே முப்பத்தொன்பது பேர்தான். இரண்டு பேரைக் காணவில்லை என்று நான் பதறிக்கொண்டு போய்ச் சொன்னதும் மருமகள் தலையில் கை வைத்தாள்.

"மாமா, அவை பாத்ரூம்ல இருப்பினம். ப்ளீஸ், கெஸ்ட்டை எண்ணாதேங்கோ. ஆடு மாடே அவை?"

நிறுத்த எனக்கும் ஆசைதான். ஏழு வயதில் பிடித்தது, விடவில்லை.

அப்போது வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து போய் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். பால் மரம் சீவியவர்கள் ஒப்பந்தத்துக்கு வந்த சீனர்கள். கைநாட்டு வைத்தபின் தவணை முடியும்வரை போகமுடியாது. எல்லோருக்கும் ஒரே பலகைக் கொட்டகை. அப்பாவின் பதிவேட்டில் அவர்களுக்குப் பெயர் இல்லை, ஒன்று முதல் இருபத்திரண்டு வரை இலக்கம்தான். நான் எண்ணப் பழகியது அதைப் பார்த்துத்தான்.

ஒரு நாள் விடியமுதலே மழை. மழையில் மரம் சீவமாட்டார்கள். எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள். பக்கத்து ஈயச் சுரங்கத்தின் கண்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்தார். சுரங்கத்து ஆள் ஒருவன் ஓடி ஐந்து நாளாம். அப்பா கொட்டகைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இருபத்திரண்டு பேர், துரை. எல்லாம் எங்கட ஆக்கள்."

நான் அப்பாவின் குடைக்குள் நின்றேன். கூரையோரத்தில் மரச்செருப்புகள் வரிசையாக இருந்தன.

"இல்லை அப்பா, இருபத்துமூண்டு சோடி! ரெண்டு தரம் எண்ணினனான்."

"சும்மா இரடா" என்றார் அப்பா, மெதுவாக.

துரை சிரித்தார். தோட்டத்தில் பொறுக்கிய தமிழில், "கிராணி, உன் பையன் உன்னைவிட நல்லா கணக்கு பண்றான்" என்றார்.

படுக்கைப் பலகையின் அடியிலிருந்து அவனை இழுத்து வந்தார்கள். பதினாறு, பதினேழு வயதிருக்கும். இரண்டு காலும் வீங்கியிருந்தன, முதுகில் ஏழு தழும்பு. கண்ட்ராக்டர் பிரம்பால் எட்டாவதைப் போட்டான். செருப்பைப் போட விடவில்லை. சேற்றில் நடத்திக்கொண்டு போனார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தான். பிறகு அவன் என்ன ஆனான் என்று யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் அப்பா சாப்பிடவில்லை. கணக்குப் பிழைத்த வெட்கம் என்று நினைத்தேன். மேசையில் வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொதி ஒன்று கிடந்தது. ஐந்து நாளாக அம்மா கட்டுவதும் அப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவதுமாக இருந்தது. யாருக்கென்று நான் கேட்டதில்லை. அன்று அப்பா அதை எடுக்கவில்லை.

"அம்மா, இதை நான் சாப்பிடட்டே?"

அம்மா என்னைப் பார்த்தபடியே நின்றார். எண்ணிக்கையில் அப்பாவையே வென்றதற்குப் பரிசு என்று எடுத்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.