கோழி பிடிக்கிற ரஃபாயேலா

விடிவதற்கு முன்பே கூட்டுக் கதவைக் கை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, இருட்டில் தடவித் தடவிக் கோழியை எடுப்பாள் ரஃபாயேலா. துரத்த மாட்டாள். துரத்தினால் மூச்சிரைத்தே சில கோழிகள் செத்துப்போகும் என்பாள். நெஞ்சுக்கு அடியில் உள்ளங்கை, கால்களுக்கு நடுவே ஒரு விரல், இறக்கைகளை இடுப்போடு சேர்த்து ஓர் அணைப்பு, தலைமேல் சால்வை நுனி. கோழி அடங்கிவிடும். "சும்மா இருடி சீமாட்டி. டாக்டரு உன் தொண்டையத்தான் பாக்குறாரு, கழுத்தை இல்ல."

நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தலைநகர் கிட்டோவிலிருந்து வரும் கால்நடை மருத்துவர் பஞ்சுக்குச்சியைத் தொண்டையில் விட்டுச் சுழற்றிக் குப்பியில் போட்டுக்கொள்வார். பிடிகொடுக்காத கோழி என்றால் "வீட்டுக்காரி மாதிரியே" என்று வீட்டுக்காரி காதுபடவே சொல்வாள் இவள். வாய் அப்படி.

முந்தின வருஷம் எங்கள் தெருக் கோழிகளின் குப்பி ஒன்றில் பறவைக்காய்ச்சல் நோய் இருந்தது. அரசாங்கத்து வெள்ளை உடைக்காரர்கள் வந்து ஒரு கோழி மிச்சமில்லாமல் குழியில் போட்டு மூடினார்கள். என்னுடையவையும் போயின. நோயை அவள் கொண்டுவரவில்லை என்று தெரியும். தெரிந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. அவள் தெருமுனையில் தெரிந்தாலே இப்போது கதவுகள் சாத்திக்கொள்கின்றன. கடையில் அவள் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை.

இந்த ஜூனில், சான் ஹுவான் திருவிழாவுக்கு முந்திய வாரம், என் பக்கத்து வீட்டு சொய்லாவிடம் வந்தாள். சொய்லாவின் மகளுக்கு இவள்தான் ஞானத்தாய். எங்கள் ஊர் வழக்கப்படி, திருவிழாவில் ஒரு வீட்டாரிடம் ஒரு சேவலைக் கைநீட்டி வாங்கியவன் மறுவருஷம் பன்னிரண்டு சேவலைக் கழியில் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டத்தோடு கொண்டுபோய் அந்த வீட்டுக்கே திருப்பித் தரவேண்டும். போன வருஷம் அப்படி வாங்கிய சொய்லாவின் புருஷன் இந்தப் பிப்ரவரியில் செத்துப்போனான். வாக்கு அவள் தலையில் விழுந்தது. பன்னிரண்டுக்குக் குறைந்த சேவல்களை அவள் வெளியூர்ச் சந்தையில் வாங்கி, வீட்டுச் சேவல்களோடு சேர்த்து அடைத்துவிட்டாள். சந்தைச் சேவல் ஒன்றுக்குக் கொண்டை நீலம் பாரித்திருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் பார்த்தேன்.

"அக்கா, அது ஏணியில இடிச்சுக்கிச்சு. டாக்டரு வண்டியிலதான இருக்காரு? சேவலே இல்லன்னு சொல்லிடேன். திருவிழா முடியட்டும், நானே தூக்கிட்டு வரேன்."

"வாயைத் தொறந்து மூச்சு விடுதுடி, பாரு."

"செத்தவரு குடுத்த வாக்குக்கா."

"தெரியும்டி."

ரஃபாயேலா கூட்டுக் கதவைத் திறந்தாள். அந்தச் சேவலைத்தான் முதலில் எடுத்தாள்.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியே, பாவி!" சொய்லா கத்தியது கீழத்தெருவரை கேட்டிருக்கும்.

திருவிழாவுக்கு முன்பே வெள்ளை உடைக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். சொய்லாவின் கூட்டில் ஒரு சேவலும் மிஞ்சவில்லை.

திருவிழா அன்று சொய்லா வெறுங்கழியோடு புறப்பட்டாள். சேவல் இல்லாவிட்டாலும் வாக்குக் கொடுத்த வீடு போய் நிற்கத்தான் வேண்டும் என்றாள். இரண்டு பேர் சுமக்கும் கழி அது. முன்முனை அவள் தோளில் இருந்தது, பின்முனை தெருக்கல்லில் உரசி இழுபட்டது. திருவிழாப் புல்லாங்குழல்காரர்கள் ஊதுவதை நிறுத்தினார்கள். கோழிகளைப் பறிகொடுத்த நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். ஒருவரும் இறங்கவில்லை. சொய்லா யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நடந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ரஃபாயேலா குனிந்து, அந்தப் பின்முனையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.