மிச்சம் பிடித்த குளிசைகள்

மருந்தைப் பாதியில் நிறுத்தி மீதியைப் பத்திரப்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். யாரோ எவரோ என்றால் ஏசிவிட்டுப் போய்விடலாம். எனக்கு வாய்த்தது கூடப்பிறந்த அக்கா. கதிரவெளி என்ற கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். நான் மட்டக்களப்பு நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். புண்ணில் எடுத்த சீழைத் தட்டில் தடவி வளர்த்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று பார்ப்பது என் பிழைப்பு. ஊருக்கெல்லாம் பார்த்துச் சொன்னவளின் பேச்சு அக்கா வீட்டில் மட்டும் எடுபடவே இல்லை.

அத்தான் தோணி தள்ளி மீன்பிடித் தொழில் செய்கிறவர். சுனாமி அன்று உயிர் தப்பினார். ஆனால் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த கூரைத் தகரம் ஒன்று அவருடைய குதிக்காலைக் கிழித்துவிட்டது. வீடு போய், முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் வாழ்க்கை. மருத்துவக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நல்ல மனதோடுதான் வந்தார்கள், அதை மறுக்கவில்லை. அதற்காக மூக்கொழுகும் தடிமனுக்கும் கிருமிகொல்லிக் கப்சூல், இருமலுக்கும் கப்சூலா? தடிமனைக் கொண்டுவருவது வைரஸ். அங்கே இந்தக் கப்சூலுக்கு ஒரு வேலையும் இல்லை.

அத்தானின் புண்ணுக்குத் தந்த கப்சூலை அக்கா காய்ச்சல் விடும் வரைக்கும் கொடுத்தாள். விட்டதும் மிச்சத்தைப் பால்மா டின்னுக்குள் போட்டு மூடினாள். பக்கத்துத் தறப்பாளில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் அதில் இரண்டு போகும். அவர்களிடம் மிஞ்சிக் கிடந்த வேறு நிறக் கப்சூல் பதிலுக்கு வரும். யாருக்காவது கால் வெட்டுப்பட்டால் கப்சூலைத் திறந்து தூளைப் புண்ணில் தூவுவார்கள். கறி மாற்றுவது போல முகாம் முழுக்க மருந்து மாற்றிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு நான் கத்தினேன். அக்கா ஆறுதலாக டின்னை மூடினாள்.

"முழுசையும் குடிச்சு முடிச்சிட்டு, நாளைக்கு றோட்டைப் பூட்டினா எங்க புள்ள போய்க் கேக்கிற?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம் என்பதுதான் என் ஆத்திரத்துக்குப் பாதிக் காரணம். இராணுவச் சென்றியில் மருந்தை மறித்து வைத்த சண்டைக் காலத்தைப் பார்த்தவள் அவள். வெறும் அலுமாரியைத் திறந்து காட்டிக் கையை விரித்த கிளினிக்குகளையும் பார்த்தவள். அரிசியை மிச்சம் பிடித்த கைதான் குளிசையையும் மிச்சம் பிடித்தது. அரிசிக்குச் சரியான புத்தி அது. குளிசைக்குப் பிழை.

இதை விளக்க நான் படாத பாடு பட்டேன். வயல் வட்டையில் கோரைப் புல்லைக் கிழங்கோடு எடுக்காமல் மேலால் அறுத்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மருந்தை அளவு போதாமல் கொடுத்தால் நோஞ்சான் கிருமி சாகும், முரட்டுக் கிருமி தப்பும். தப்பியது பெருகும்போது அதன் வாரிசெல்லாம் முரடாகவே பிறக்கும். அது கூடப் பரவாயில்லை. நம் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வரும். தாயின் குடிதான் பிள்ளையின் குடி, வேறொருவர் கொடுத்து வாங்க முடியாது. கிருமிக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. வேற்றுக் குடிக் கிருமி ஒன்று பக்கத்தில் வந்தால், ஒட்டி நின்று, மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் உள்ள சின்ன வளையமொன்றைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். வயிற்றில் சும்மா கிடந்த கிருமி கற்றதைப் புண்ணில் இருக்கிற கிருமி வாங்கிக்கொள்ளும். "அப்ப அதுகளும் எங்களப்போலதான், குடுத்து வாங்கி இரிக்குதுகள்," என்று பக்கத்துத் தறப்பாள் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதிரவெளியை ஒட்டிய வாகரைப் பக்கம் சண்டை வந்தபோது அவர்கள் மறுபடியும் ஓடினார்கள். நடந்த நடையில் குதிக்காலின் பழைய வடு வெடித்தது. வாழைச்சேனைக்கு இந்தப் பக்கம் முகாம், அங்கேயும் டின், அங்கேயும் அரைகுறைக் குளிசை. புண் ஆறும், பிறகு வெடிக்கும். சண்டை முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன வருடம், அத்தானுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் சேர்ந்திருந்தது. கால் கணுவரை வீங்கி, நாற்றத்தோடு அவரை நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அவருடைய சீழை நானே தட்டில் தடவினேன். அதன்மேல் ஒவ்வொரு மருந்தும் ஊறிய சிறு கடதாசி வில்லைகளை வைத்தேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் வெளுத்துத் தெரியும். மறுநாள் தட்டைத் திறந்தேன். வில்லைகளின் ஓரம்வரை, முட்டிக்கொண்டு, கிருமி வளர்ந்திருந்தது. ஒரேயொரு மருந்தைச் சுற்றி மட்டும் மெல்லிய வட்டம். அது ஊசி மருந்து, ஆஸ்பத்திரி வாட்டில் இல்லை. அலைந்து திரிந்து வெளியில் எடுத்து வந்து ஏற்றினோம். அதற்குள் புண் எலும்பில் பிடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்காவிட்டால் ஆளே தப்பாது என்றார் வைத்தியர். ஒரு காலோடு தோணி தள்ள ஏலுமா என்று மட்டும் அத்தான் கேட்டார். வைத்தியர் என்னைப் பார்த்தார். ஏலாது என்று நான்தான் சொன்னேன்.

எடுத்து முடிந்த அன்று பின்னேரம் அக்கா வாட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். அழவில்லை. நான் போய்ப் பக்கத்தில் இருந்ததும் திரும்பாமலே கேட்டாள்.

"நான் ஒழுங்காக் குடுத்து முடிச்சிருந்தா கால் இரிந்திருக்குமா புள்ள?"

ஓம், இருந்திருக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருடம் நான் கத்தியதெல்லாம் அந்த ஓமுக்காகத்தானே. ஆனால் தட்டில் வளர்ந்த கிருமியின் வரலாறு எனக்குத் தெரியாது. அக்கா நிறுத்திய மருந்தில் அது பழகியிருக்கலாம். முகாமில் யாரோ ஒரு பிள்ளையின் வயிற்றில் பழகியதை இது வாங்கியிருக்கலாம். தடிமனுக்குக் கப்சூல் கொடுத்த குழுக்களால் இருக்கலாம். இதே ஆஸ்பத்திரியின் கட்டிலில் தொற்றியதாகவும் இருக்கலாம். கொடுத்து வாங்குகிற கூட்டத்தில் யாரைப் பிடித்து நிறுத்துவது?

"தெரியா அக்கா," என்றேன். "ஆரிட்டயிருந்து வந்த எண்டு சொல்ல ஏலா."

அவள் இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இவ்வளவு காலமும் என்னத்துக்கு என்னை மட்டும் ஏசின நீ?"