எடைக்கு முன் விழுந்த மாலை

அல்போன்ஸைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் கிளப்பில் இருக்கும் எவனும் "சண்டைக்காரன்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவான். அவர்களுக்கு என்ன தெரியும்? சாந்தோம் பள்ளிக்கூடத்தில் ஆறாவதிலிருந்து அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். என் பெயர் வேம்பு. வார நாட்களில் விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அறிக்கை எழுதுகிறேன். கார் ரேஸ் நடக்கும் ஞாயிறுகளில் தலைமைப் பரிசோதகர். அதாவது, கார் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து, எடை போட்டு, கையெழுத்துப் போடுகிறவன். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

மந்தைவெளி பறக்கும் ரயில் பாலத்தை ஒட்டிய சந்தில் அல்போன்ஸின் ஒர்க்‌ஷாப். மயிலாப்பூர் மாமாக்களின் கார்களுக்குக் கிளட்ச் மாற்றுவது பிழைப்பு. உள்ளே கடைசியில், தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார் நிற்கும். கதவில் 27 என்று எழுதியிருக்கும். அதுதான் அவன் உயிர். பதினான்கு வருடங்களாக அதைப் பிரித்துப் பிரித்து மாட்டி ஒவ்வொரு சீசனும் ரேஸுக்குக் கொண்டுவந்தான். நான்கு வருடம் இரண்டாம் இடம். சாம்பியன் பட்டம் ஒரு தடவைகூட இல்லை.

அடையாறில் கிளப் மாடியில் ஒரு தேக்குப் பலகை மாட்டியிருக்கிறது. வருடமும், பட்டம் வென்ற காரின் சொந்தக்காரர் பெயரும் தங்க நிற எழுத்தில் இருக்கும். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் அல்போன்ஸ் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பான். மேலே இருக்கிற பெயர்களைப் படிக்க மாட்டான். கீழே காலியாக இருக்கிற இடத்தைப் பார்ப்பான். ஒரு நாள் விரலால் சாண் போட்டு அளந்தே பார்த்துவிட்டான்.

"என் பேரு கொஞ்சம் நீட்டுடா. இதுல அடங்குமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

சீசனின் கடைசி ரேஸ் அன்று, விடியற்காலையில் தெற்கு மாட வீதிப் பூக்கடையில் ஆள் உயர ரோஜா மாலை ஒன்று வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவருவான். ஜெயித்தால் காரை ஓட்டியவருக்குப் போட. ஜெயித்ததில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது அந்த மாலையைச் சாந்தோமில் மாதா சொரூபத்துக்குச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவான். அவன் மனைவி ஷெரில் பள்ளிக்கூட டீச்சர், வாய் கொஞ்சம் நீளம். "மாதா எப்பிடி இவர ஜெயிக்க வுடுவாங்க? மாலை நின்னுடும்ல?" என்பாள்.

இனி நிரஞ்சன். நான்கு கார், ஏசி போட்ட கூடாரம், தனி மேனேஜர். காரை அவரே ஓட்டுவார், நன்றாகவே ஓட்டுவார். ஆனால் ஆள் தொண்ணூற்றிரண்டு கிலோ. அல்போன்ஸின் காரை ஓட்டும் வர்ஷினி நாற்பத்தெட்டு. அப்போதெல்லாம் காரை மட்டும்தான் எடை போடுவோம். அதனால் ஒல்லியான ஆளுக்கு லாபம். மூன்று வருடங்களுக்கு முன்னால், சீசன் பாதியில், விதிக் கமிட்டி திடீரென்று விதியை மாற்றியது. இனிமேல் காரும் ஓட்டுகிறவரும் சேர்ந்து எண்ணூற்றுத் தொண்ணூறு கிலோவுக்குக் குறையக் கூடாது. விதி நியாயமானதுதான், பல ஊர்களில் அப்படித்தான் எடை போடுகிறார்கள். ஆனால் நடு சீசனில், நிரஞ்சன் இரண்டு ரேஸ் தோற்ற பிறகு, அவரோடு வியாபாரம் செய்யும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற கமிட்டியில் அது பாஸானது நியாயமா? எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்தக் கமிட்டிக்குச் செயலாளர். எழுதிக்கொள்ள மட்டும்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

அல்போன்ஸ் எழுந்து நின்று, "அவரு வெயிட்டு ஜாஸ்தின்னா அவரு டிபனக் கொறைக்கட்டும் சார். என் கார்ல எதுக்கு ஈயம்?" என்று கேட்டான். விதி அப்படியே நின்றது. வர்ஷினியின் சீட்டுக்கு அடியில் நாற்பது கிலோ ஈயத்தை போல்ட் போட்டு இறுக்கினான்.

அடுத்த ரேஸிலேயே இன்னொரு கூத்து. ரேஸ் முடிந்து எடைக் கொட்டகைக்கு வந்த நிரஞ்சனிடம் யாரோ இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். முழுவதையும் குடித்துவிட்டுத் தராசில் ஏறினார். அரைக் கிலோவில் தப்பித்தார். தாகமா, தந்திரமா, அது அவருக்கும் அவருடைய சாமிக்கும்தான் தெரியும்.

அல்போன்ஸ் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் புது விதி கேட்டான். நான் எழுதினேன்: "எடை பார்க்கும் முன் ஓட்டுநருக்குத் தண்ணீர், உணவு, உபகரணம் தரக் கூடாது." அவன் காகிதத்தைப் பிடுங்கினான்.

"இன்னாடா எழுதிகீற? லிஸ்ட் போட்டீன்னா லிஸ்ட்ல இல்லாததக் குடுப்பானுங்க. எதையுமே குடுக்கக் கூடாதுன்னு போடு. குடுத்தா அந்த ரேஸ் போச்சு. மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் கெடையாதுன்னு போடு."

அப்படியே போட்டேன். பாஸாகிவிட்டது. அந்தக் கமிட்டியில் அவன் ஜெயித்த ஒரே விஷயம் அதுதான். அன்றைக்கு எனக்கு ரவா தோசை வாங்கிக் கொடுத்தான்.

புது விதி வந்து முதல் ரேஸ். நிரஞ்சனின் மெக்கானிக் சைஃப், வேலைக்குப் புதுசு, ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு தன் முதலாளியை நோக்கி ஓடினான். நான் கொட்டகையிலிருந்து, "சைஃப், நில்லு, கிட்டப் போகாதே" என்று கத்தினேன். நின்றுவிட்டான். பரிசோதகன் அப்படிக் கத்தக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அல்போன்ஸ்கூட, "நல்லவேளை கத்தினடா, பாவம், அவனுக்கு இன்னா தெரியும்" என்றான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன பிப்ரவரி, கடைசி ரேஸ். வர்ஷினி நிரஞ்சனுக்கு முன்னால் வந்தால் பட்டம் அல்போன்ஸுக்கு. காலையில் நான் டிராக்குக்குப் போனதும் நிரஞ்சனின் மேனேஜர் சுரேஷ்குமார் ஒரு கவர் கொடுத்தார். உள்ளே புகார்க் கடிதம். தலைமைப் பரிசோதகரும் 27ஆம் எண் காரின் உரிமையாளரும் பள்ளித் தோழர்கள், அவர் பாரபட்சம் இல்லாமல் நடப்பாரா என்று சந்தேகம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஒருவன்கூட என் கையெழுத்தைச் சந்தேகப்பட்டதில்லை. காது சூடாகிவிட்டது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

வர்ஷினி ஜெயித்தாள். கடைசி வளைவில் நிரஞ்சனை உள்பக்கமாகத் தாண்டி, ஒரு கார் நீளத்தில் ஜெயித்தாள். நான் யாருக்கும் தெரியாமல் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

கார் எடைக் கொட்டகை முன்னால் வந்து நின்றது. வர்ஷினி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் கண்ணீர். காரைத் தராசில் தள்ள டீமுக்கு ஒரு ஆள் உள்ளே வரலாம். அல்போன்ஸ் வந்தான். கையில் மாலை.

நான் பார்த்தேன். அவன் வாசலில் நுழையும்போதே பார்த்தேன். பத்துப் பதினைந்து அடி தூரம். அவன் ஓடவில்லை, மாலையை இரண்டு கையிலும் ஏந்தி, கோயிலுக்குள் வருகிறவன் மாதிரி நடந்து வந்தான். விதி அவன் தலையில் இல்லை. பதினான்கு வருடத்து ஆசை இருக்கிற தலையில் வேறு எதற்கு இடம்? ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். எதிரே சுரேஷ்குமார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

வர்ஷினி தலையைக் குனிந்தாள். மாலை விழுந்தது.

அதற்கப்புறம் என் கை என் வேலையைச் செய்தது. எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு கிலோ. மாலையைத் தனியாக எடை போட்டேன், மூன்று கிலோ இருநூறு. அதைக் கழித்தாலும் எடை சரி. ஆனால் விதி எடையைப் பற்றிப் பேசவில்லை. எடைக்கு முன் மாலை போட்டதை அறிக்கையில் எழுதினேன்.

நிரஞ்சனே வந்தார். "விடுங்க சார், பூமாலைதானே. நாங்க புகார் குடுக்கல" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். நடுவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அல்போன்ஸைப் பார்த்தேன். அவன் மேஜைமேல் இருந்த கோப்பையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். வேண்டும் என்று அவன் முகம் முழுக்க எழுதியிருந்தது.

"அவருக்கு வளைச்சா தப்பு, எனக்கு வளைச்சா சரியா சார்?" என்றான். "பதினாலு வருசமா கத்திகினு இருந்தது அப்ப இன்னாத்துக்கு?"

27ஐ அந்த ரேஸிலிருந்து நீக்கிய தாளில் கையெழுத்துப் போட்டான். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டான்.

"நான் மாலையோட வந்துகினு இருந்தத நீ பாத்தியாடா?"

"பாக்கலைடா" என்றேன்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு நாள் அவகாசம் உண்டு. அதுவரை சாட்சிப் பொருள் என் பொறுப்பு. மாலையை வீட்டுக்கு எடுத்துவந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். "ஏன்னா, ஆத்துல பாலை எங்க வைக்கறதாம்?" என்று என் மனைவி ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாலை வெளியே வைத்தாள். அல்போன்ஸ் மேல்முறையீடு செய்யவில்லை. மூன்றாம் நாள் மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மாதாவுக்குச் சாத்த எனக்கு என்ன யோக்கியதை? கறுத்துப் போகிறவரை ஃப்ரிட்ஜிலேயே இருந்தது.

அதற்கப்புறம் அவன் போன் பண்ணவில்லை. முன்பெல்லாம் தினமும் காலை ஏழு மணிக்குப் பண்ணுவான், ஒன்றுமே இருக்காது, "இன்னாடா, காப்பி குட்ச்சியா" என்பான். பத்து மாதமாக ஏழு மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மந்தைவெளி வழியாகப் போக வேண்டியதே இல்லாத நாட்களிலும் அந்தச் சந்து முனை வரை ஸ்கூட்டரில் போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். இந்த சீசனுக்கு 27 பதிவாகவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கிற பட்டியலில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் முடியவில்லை, போய்விட்டேன். அல்போன்ஸ் ஒரு பழைய காரின் பானெட்டுக்குள் குனிந்திருந்தான். நிமிரவில்லை.

"பாத்தேண்டா" என்றேன். "அன்னிக்கு நீ மாலையோட வரச்சே பாத்தேன். கத்தியிருக்கலாம். சுரேஷ்குமார் குடுத்த புகார்க் கடுதாசி பையிலே இருந்தது. சிநேகிதனுக்குச் சலுகை காட்டறான்னு எல்லாரும் சொல்லிடுவாளோன்னு பயந்துண்டு வாய மூடிண்டேன்."

ஸ்பேனர் நின்றது.

"தெரியும்" என்றான். "நான் உன் மூஞ்சியத்தான் பாத்துகினு வந்தேன். நீ சிரிப்பேன்னு."

மேலே ரயில் ஒன்று போனது. பிறகு நிமிர்ந்து, பத்து மாதத்துக்கு அப்புறம் என்னை நேராகப் பார்த்தான்.

"அந்த சைஃபுக்குக் கத்தினியே. அந்தப் பத்து அடிக்கு மட்டும் என்னையும் யாரோன்னு நெனச்சிருக்கக் கூடாதாடா?"