ஏரித் தண்ணீர் யாருக்கு?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் சேலத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஐந்தாம் பாரத்து, அதாவது இன்றைய பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு ஆங்கிலத்தில் மேடைப்பேச்சும் விவாதமும் பழக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். நானோ அதுவரை எந்த மேடையிலும் ஏறியவள் இல்லை. வியாழக்கிழமை வந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

பெண்கள் எழுதி நெட்டுருப் போட்டு வருவார்கள். தரையைப் பார்த்தபடி கடகடவென்று ஒப்பித்துவிட்டு உட்காருவார்கள். அடுத்தவள் எழுந்து தன் பாடத்தை ஒப்பிப்பாள். முன்னால் பேசியவளுக்குப் பதிலாக ஒரு வார்த்தை வராது. "உரக்கப் பேசு" என்றால் தலை இன்னும் தாழும். பொம்பளைப் பிள்ளை பேச்சு வாசல் தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள். அவர்களிடம் நான் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்கிறேன். நாற்காலியில் இருப்புக் கொள்ளாமல் ஜன்னலுக்கும் கரும்பலகைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. தெருக் குழாய்களில் குடங்கள் வரிசை கட்டின. சேலத்துக்குக் குழாய்த் தண்ணீர் பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதையே தலைப்பாகக் கொடுத்தேன். ஏரித் தண்ணீர் முதலில் நகரத்துக்கா, வயலுக்கா? யார் எந்தப் பக்கம் என்று சீட்டு எடுக்கச் சொன்னேன்.

விடுதியில் தங்கிப் படித்த பனமரத்துப்பட்டிப் பெண்ணுக்கு நகரத்தின் பக்கம் விழுந்தது. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நான் அந்தப் பக்கம் மாத்திக்கட்டுங்களா? எங்கூரு ஏரிங்க."

"சீட்டில் வந்ததைத்தான் பேச வேண்டும். அதுதான் விவாதம்" என்றேன். பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க மனம் ஒரு நிலையில் இல்லை.

வெள்ளிக்கிழமை, வயலின் பக்கம் பேச வந்தவள் ஒரு நெசவாளியின் மகள். டவுனிலேயே பிறந்தவள். வழக்கம்போல ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு பனமரத்துப்பட்டிப் பெண் எழுந்தாள். நாலைந்து வாக்கியம் போனதும் காகிதத்தை மடித்துவிட்டாள். உடைந்த ஆங்கிலத்தில் எதிராளியை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இன்றைக்குக் காலையில் நீ எந்தத் தண்ணீரில் முகம் கழுவினாய்?"

வகுப்பு சிரித்தது. நெசவாளி மகள் நான் கூப்பிடாமலே எழுந்துவிட்டாள். "குழாய் நின்றால் நான் கிணற்றுக்கு நடந்து போவேன். நெல் நடந்து போகுமா?"

ஆங்கிலத்தில் இலக்கணம் சிதறிக் கிடந்தது. ஆனால் ஒருத்தி கேட்க, இன்னொருத்தி பதில் சொன்னாள். கடைசி பெஞ்சிலிருந்துகூடக் குரல்கள் எழுந்தன. நான் நடப்பதை விட்டு ஜன்னலோரம் நின்றுவிட்டேன்.

அப்போதுதான் வராந்தாவில் நின்ற மனிதரைக் கண்டேன். சனி ஞாயிறு விடுமுறைக்கு மகளை அழைத்துப்போக வந்த பனமரத்துப்பட்டிப் பெண்ணின் தகப்பனார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஊர்ப் பெயர் திரும்பத் திரும்பக் காதில் விழுந்திருக்கிறது. மணி அடித்ததும் கேட்டார்.

"ஏனுங்க டீச்சரம்மா, எம்புள்ள என்னங்க பேசுச்சு?"

நான் சொல்லை மென்றுகொண்டிருக்க, மகளே சொன்னாள். "தண்ணி டவுனுக்குத்தான் மொதல்லன்னு பேசுனேனுங்கப்பா."

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஏரி கட்டறப்ப முங்கிப்போன எங்கப்பாரு வெள்ளாமக் காடு இன்னும் அதுக்குள்ளதான் கெடக்குது. அது தெரிஞ்சுமா பேசுன?"

"சீட்டுல அப்பிடி வந்துச்சுங்க. அடுத்த தடவ நம்ம பக்கம் வந்தா அதப் பேசுவேன்."

"அப்ப எதுதான் சாமி உம்பேச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். "வாரேனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்றே முடிவுகட்டினேன். பாடம் நடத்தும்போதெல்லாம் கண் வாசலுக்கே போனது. தலைமையாசிரியையிடம் சொல்லிவிடலாமென்று அவர் அறை வரை போய்த் திரும்பினேன்.

புதன்கிழமை காலையில் தகப்பனும் மகளும் வந்து நின்றார்கள்.

"ஊட்டுல ஒரே ரகளைங்க" என்றார் அவர். "நான் ஒண்ணு சொன்னா இது ஒண்ணு சொல்லுது. உட மாட்டேங்குது. நேத்து ஏரியப் பாக்கப் பெரிய அதிகாரி வந்தாருங்க. ஆம்பளைங்க அத்தன பேரும் கும்புட்டுட்டு நின்னோம், வாய் வரல. இதுதான் முன்னால போயிருச்சு."

"இங்கிலீஷிலா?"

"தமிழ்லதானுங்க. டவுன்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு மொதல்ல அதுவே எடுத்துச் சொல்லுச்சு. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுச்சு. அவரு உக்காந்து கேட்டாருங்க."

"வயலுக்குத் தண்ணீர் விட்டார்களா?"

"பாக்கலாம்னு சொல்லீட்டுப் போயிருக்காரு." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோபம் முழுக்கப் போயிருக்கவில்லை. ஆனாலும் மகளின் பெட்டியை விடுதி வாசலில் தாமே கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் புறப்பட்டார்.

அவர் போனதும் அவளிடம் கேட்டேன். "உண்மையில் நீ எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் நெசமாத்தானுங்க இருக்குது, டீச்சர். அதான் நாலஞ்சு நாளா எனக்குத் தூக்கமே வரல."

எனக்கும் வரவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கு வேறு தலைப்பு யோசித்து வைத்திருந்தேன். அதைக் கைவிட்டுவிட்டு, ஏரியையே இன்னொரு முறை பேசுவது என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை சீட்டு வேண்டாம், ஒவ்வொருத்தியும் இரண்டு பக்கத்தையும் பேசட்டும் என்றும்.