சுவரில் கொழுந்து கிள்ளியவர்கள்

சுவரில் செடி வளர்ப்பது தொழில் என்றால், வானம் கறுக்கும்போதெல்லாம் சுவரைப் பார்க்க ஓடுவது அதோடு வரும் வியாதி. சக நோயாளிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாவரவியல் படித்துவிட்டு இப்போது கோலாலம்பூர்க் கட்டடங்களில் செடி ஏற்றிக்கொண்டிருக்கும் எனக்கு, அது தொற்றியது எழுபதுகளின் கடைசியில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது.

துரை வைத்த கெடு

தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்காக மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். வீடுகளுக்குப் பின்னால் மொட்டைச் செம்மண் சுவர், கூரையைவிட உயரம். மழை பெய்தால் மண் அடுப்படி வரை வரும். சிமெண்டு பூசிவிடலாம் என்றார் மேனேஜர் துரை. பூசினால் உள்ளே தண்ணீர் தேங்கி, ஒருநாள் மொத்தச் சுவரும் வீடுகள் மேல் விழும் என்றேன். கணுவுக்குக் கணு வேர் விடும் கொடியை ஏற்றிக் காட்டுகிறேன் என்று வாயையும் விட்டேன்.

துரை சுவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "மழைக்காலத்துக்குள்ள உச்சி வரைக்கும் பச்சையா இருக்கணும். இல்லன்னா லோரியில சிமெண்டு வந்து இறங்கும். நீங்க அதே லோரியில ஏறி மலையிறங்கிடலாம்."

நுனியைக் காணோம்

கொடி பிடித்தது. ஆனால் மேலே ஏறவில்லை. தினமும் காலையில் பார்த்தால் நுனிகள் இல்லை. ஆடு என்று நினைத்து முள் கட்டினேன். நத்தை என்று நினைத்துச் சுண்ணாம்பு தூவினேன். மழைக்காலம் நெருங்கியும் நுனிகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

ஒரு சாயங்காலம் ஒளிந்து நின்றேன். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் சுவரோரமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். பேச்சு பேச்சாக இருக்க, கைகள் தேயிலையில் கிள்ளுவதுபோலவே என் கொடியிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, தோளுக்கு மேல் வீசி, முதுகிலிருந்த காலிக் கூடையில் போட்டன. நான் கத்திய கத்தலில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். கடைசி வீட்டுச் சரோஜாக்கா தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நான் எங்க சார் கிள்ளினேன்? கைதானே கிள்ளுச்சு லா!"

கை கட்டும் உத்தரவு

சுவரோரம் வரும்போது கையைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஒருநாள் கட்டினார்கள். மறுநாள் பேச்சு சூடு பிடித்ததும் கை அவிழ்ந்துவிட்டது. கெஞ்சினேன், திட்டினேன். கை எட்டாத உயரத்துக்குத் தப்பிப் போன சில கொடிகள் மட்டும் ஒற்றை ஒற்றையாக உச்சியை நோக்கி ஊர்ந்தன. சிமெண்டு மூட்டைகள் வந்து இறங்கின. எனக்கு அழுகை வராத குறை. சரோஜாக்காவுக்கோ கோபம்.

"கையக் கட்டிக்கிட்டு நடக்க இது என்ன ஸ்கூலா சார்?"

மழை

சிமெண்டைப் பிரிக்குமுன் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியது. சுவர் உச்சியில் வெடிப்பு தெரிந்ததும், எல்லாரையும் ஃபேக்டரிக்குப் போகச் சொன்னார் துரை. பாதி வழியில் சரோஜாக்கா திரும்பி ஓடினார். சுவரோரக் கொட்டகையில் அவருடைய சினைப்பசு கட்டியிருந்தது. நானும் பின்னாலேயே ஓடினேன். கயிற்றை அவிழ்த்துப் பசுவை வெளியே இழுத்தபோது தலைக்கு மேலே 'பொதக்' என்று ஒரு சத்தம். சுவர் வந்துவிட்டது என்று நினைத்தேன். பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

உச்சி மட்டும்தான் வந்தது. ஒற்றைக் கொடிகளோடு மேல்மண் சரிந்து, கொட்டகைக் கூரையை அமுக்கிவிட்டு நின்றது. கீழே, பெண்களின் கை எட்டும் உயரம் வரை, ஒரு கட்டி மண்கூட அசையவில்லை.

மழை விட்டதும் துரை குடைக் கம்பியால் கொடியை விலக்கிப் பார்த்தார். கிள்ளிய இடத்திலெல்லாம் இரண்டு மூன்று கிளை, ஒவ்வொரு கிளையும் கணுவுக்குக் கணு மண்ணைக் கவ்வியிருந்தது. மேலே தெரிந்த மொட்டைச் செம்மண்ணைப் பார்த்து, அங்கே என்ன செய்வது என்று கேட்டார். பசுவைத் தடவிக்கொண்டிருந்த சரோஜாக்கா முந்திக்கொண்டார்.

"ஒரு ஏணி போட்டுக் குடுங்க தொரை, அதையும் கிள்ளி விட்டுர்றோம்."

இன்றும் கோலாலம்பூரில் சுவர்த்தோட்டம் கேட்டு வரும் முதலாளிகளிடம், அந்தப் பக்கமாகப் பேசிக்கொண்டே நடந்துபோகக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கிடைப்பார்களா என்று நான் விசாரிக்கும்போது, அவர்கள் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.