தெர்மோகோலில் ஒரு கொலைகாரன் பெயர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்குப் பெயர் வைக்க அயனம்பாக்கம் போனேன். வார இதழ்களில் நாலு துணுக்கு எழுதிய என்னை எழுத்தாளன் என்று நம்பிய ஒரே ஜீவன், பள்ளித் தோழன் தேவராஜ். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தான். அவன் மகனின் காதில் பெயரைச் சொல்லி, மைக்கில் அறிவிக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் அடியேன். தொப்பையை மறைக்காத பட்டு ஜிப்பாவில் கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து அம்பத்தூருக்கு மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஏரிக்கரைக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முப்பது ரூபாய்.

"மாப்ள கணக்கா கீறியே நைனா, உனக்கா கண்ணாலம்?" என்றார் ஓட்டுநர்.

"பேர் வைக்கப் போறேன்."

"இன்னுமா உனக்குப் பேரு வெக்கல?"

பந்தலில் நீலத் துணி. அதில் ஜிகினா ஒட்டிய தெர்மோகோல் எழுத்துகள், மேலே செய்தித்தாள் மூடியிருந்தது. விழாவில்தான் திறப்பார்கள். எனக்குப் பொறுக்குமா? தூக்கிப் பார்த்தேன். ரத்தம் தலைக்கேறியது.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். இணையத்தில் அவனுக்கு என் பங்காக ஒரு வரி கூட வேண்டாம். ஜெர்மன் அதிகாரி. போர்க்காலத்தில் யூதர்களைக் குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை மேசையில் உட்கார்ந்தபடி நடத்தியவன். போர் முடிந்ததும் பொய்ப் பெயரில் கடல் தாண்டி ஓடினான். தொழிற்சாலையில் வேலை, பெண்டாட்டி, பிள்ளைகள் என்று சுகமாக வாழ்ந்தான். பிடித்து விசாரித்தபோது, மேலிடம் சொன்னதைச் செய்தேன் என்றான். தூக்கில் போட்டார்கள்.

தேவராஜைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனேன். "இந்தப் பேரை எங்கேடா புடிச்சே?"

"பஜ்ஜி மடிச்ச பேப்பர்ல மச்சான். எத்தினியோ ரயிலு உட்டுக்கீறான், எல்லாம் கரெக்ட் டைமாம். நம்ம ஜெர்மன் லேத்து கணக்கா!"

மிச்சப் பக்கம் பஜ்ஜியோடு கிழிந்துபோனதாம். மிச்சத்தை நான் சொன்னேன். முழுசாகக் கேட்டான்.

"அது அந்தூரு சண்ட மாமே. நமக்கு இன்னா? எயுத்து வெட்டி ஒட்டியாச்சு."

தெரியாமல் செய்ததைச் சிரித்து மன்னித்திருப்பேன். தெரிந்த பிறகு சொன்னானே, அந்த 'நமக்கு இன்னா', அதற்கு இன்றுவரை மன்னிப்பில்லை.

மேடையேற்றினார்கள். குழந்தை தாய் கஸ்தூரியின் மடியில். ஒரு கையில் மைக்கோடு குனிந்தேன். வாயைத் திறந்தேன், மூடினேன்.

"இன்னாண்ணா முயிக்கிற?" என்றாள் கஸ்தூரி. "ஆமா, அந்தப் பேருக்கு இன்னா அர்த்தம்? கேட்டா இந்தாளு சொல்ல மாட்றாரு."

"தாயையும் பிள்ளையையும் ரயில்ல ஏத்திச் சாக அனுப்பினவன் பேரும்மா."

மைக்கை அணைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பந்தல் முழுக்கத் தலைகள் மேடைப் பக்கம் திரும்பின.

"கைக்கொயந்தயுமா?"

"கைக்குழந்தையும்தான்."

பிள்ளையை என் தொப்பைமேல் சாய்த்துவிட்டு எழுந்தாள். பின்னால் தொங்கிய நீலத் துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். தெர்மோகோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"நாளைக்கு நூறு தபா நான்யா கூப்புடணும்! அந்தப் பேரு என் வாயில வராது!"

பிள்ளையை வாங்கி, அதன் காதில் மூன்று முறை அவளே சொன்னாள்: ஏழுமலை. முதலிலிருந்தே அவள் கேட்டுவந்த பெயராம்.

திரும்பும்போது தேவராஜ் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றவில்லை. வேகாத வெயிலில் பட்டு ஜிப்பா நனைய அம்பத்தூர்வரை நடந்தேன். ஏரிக்கரையில் திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்த வண்டியையே நிறுத்திவையுங்கள்.

பெயர் வைக்க உங்களை அழைத்து, பெயர் இப்படி இருந்தால், அப்பனிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். நேராகத் தாயிடம் சொல்லுங்கள். மைக்கை அணைக்கவும் வேண்டாம்.